இரவல் எலும்பு (அறுவை மேசையின் கதை – 17)

கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு சீழை அடக்கிய ஜோசப் லிஸ்டரோடு சென்ற இதழை முடித்தோம். 1869இல் லிஸ்டர் கிளாஸ்கோவை விட்டு எடின்பரோவுக்குப் போய்விட்டார். அவர் காட்டிய வழியை கிளாஸ்கோவில் விடாப்பிடியாகப் பின்பற்றிய மாணவர் ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம் மெக்யூவன். இந்த இதழின் கதை அவரிடமிருந்து தொடங்குகிறது.

1878இல் மூன்று வயதுப் பையன் ஒருவன் அவரிடம் வந்து சேர்ந்தான். வலது மேற்கை எலும்பு முழுவதும் சீழ் பிடித்திருந்தது. செத்துப்போன எலும்பை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியது, எலும்பு மட்டும் திரும்ப முளைக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து பார்த்தும் பயனில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சதையும் தோலும்தான் இருந்தன. விரல்களுக்கு உயிர் இருந்தது, ஆனால் கையைத் தூக்க முடியாது. தசை சுருங்கினால் இழுத்துப் பிடிக்க உள்ளே கம்பு வேண்டுமே! அந்தக் காலத்தில் வேறு பல மருத்துவர்களிடம் போயிருந்தால் கையை வெட்டி எடுத்துவிடுவதே மேல் என்றிருப்பார்கள்.

மெக்யூவனுக்கு ஒரு வசதி இருந்தது. அதை வசதி என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அன்றைய கிளாஸ்கோ ஆலைப் புகையில் மூழ்கிக் கிடந்த ஊர். வெயில் எட்டாத குடியிருப்புகள், சத்தில்லாத சாப்பாடு. விளைவு, ரிக்கெட்ஸ். வளைந்த காலோடு தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். வளைந்த கால் எலும்பில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மீதியை நேராக்கிச் சேர்த்துக் கட்டும் அறுவையில் மெக்யூவன் கைதேர்ந்தவர். அதற்கென்றே தனி உளி செய்துவைத்திருந்தார். ஆக, வெட்டியெடுத்த எலும்பு ஆப்புகள் குப்பை வாளிக்குப் போய்க்கொண்டிருந்தன.

1879இல் அந்த வாளிக்குப் போக வேண்டியதை அவர் பையனின் கைக்குள் வைத்தார். பழைய எலும்பு இருந்த இடத்தில் தசைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் கீறினார். வேறு பிள்ளைகளின் காலிலிருந்து அப்போதுதான் எடுத்த ஆப்புகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, மேல்முனையில் மிஞ்சியிருந்த எலும்பைத் தொட்டபடி வரிசையாகப் பதித்து, மூடித் தைத்தார். சீழ் பிடிக்கவில்லை. லிஸ்டரின் பாடம் இங்கே கைகொடுத்தது. மறுபடி ஒருமுறை, பிறகு இன்னொருமுறை என்று மூன்று தவணைகளில் பள்ளம் நிரம்பியது. துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மேல்முனையோடும் கீழ்முனையோடும் கூடின. கை சற்றுக் குட்டை, ஆனாலும் கைதான். 1881இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் இதை அவர் அறிக்கையாக வெளியிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஆளை மறுபடி பரிசோதித்து எழுதியபோது, அவர் வளர்ந்த மனிதராக, அந்தக் கையால் உழைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மனிதரின் எலும்பு இன்னொரு மனிதரின் உடலில் ஒட்டியதற்கு மருத்துவ உலகம் நம்பி ஏற்ற முதல் சான்று இதுவே. எலும்பு கொடுத்த பிள்ளைகளின் பெற்றோரிடம் யாரும் ஒப்புதல் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி எழ இன்னும் வெகுகாலம் ஆக வேண்டியிருந்தது.

மெக்யூவனுக்கு முந்திய கதைகளும் உண்டு. அவற்றில் அடிக்கடி சொல்லப்படுவது நாயின் மண்டையோட்டுக் கதை. ஆம்ஸ்டர்டாமின் அறுவை மருத்துவர் யோப் வான் மேக்கெரன் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1668இல் வெளிவந்தது. ரஷ்யப் பிரபு ஒருவர் வாள்வெட்டில் மண்டையோட்டின் ஒரு பகுதியை இழந்தார், வைத்தியர் நாயின் மண்டையோட்டிலிருந்து அளவாக வெட்டிய துண்டைப் பொருத்தினார், அது கூடிக்கொண்டது என்கிறது நூல். ஆனால் விலங்கின் எலும்பைச் சுமக்கும் கிறிஸ்தவனுக்குக் கோயிலில் இடமில்லை என்று திருச்சபை தள்ளிவைத்ததாம். மனிதர் திரும்பவும் வைத்தியரிடம் போய் அதை எடுத்துவிடச் சொன்னாராம். அதற்குள் எடுக்க முடியாதபடி அது ஒட்டியிருந்ததாம். மேக்கெரன் இதைக் கண்ணால் பார்க்கவில்லை. மாஸ்கோவிலிருந்து ஒரு பாதிரியார் எழுதிய கடிதம் வழியாகக் கேள்விப்பட்டதை எழுதிவைத்தார். எலும்பு ஒட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கதையில்தான் தொடங்குகிறார்கள். இந்தக் கதையை நான் நம்பவில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் இப்படி ஒரு கதையை நம்பி அச்சேற்றும் அளவுக்கு அந்த எண்ணம் உலவிக்கொண்டிருந்தது என்பதை நம்பலாம்.

உண்மையான தொடக்கம் ஒரு விருந்துச் சாப்பாட்டில் நிகழ்ந்தது. 1736 வாக்கில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ஜான் பெல்சியர், துணிக்கு அச்சுச்சாயம் போடும் ஒருவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். பரிமாறிய பன்றிக்கறியில் எலும்பு மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. விசாரித்தால், மஞ்சிட்டி இனத்து வேரில் காய்ச்சிய சாயத்தொட்டியின் தவிட்டைத்தான் அந்தப் பன்றிகளுக்குத் தீனியாகப் போட்டிருக்கிறார்கள். (அந்த ஆங்கிலேயர் செய்துகொண்டிருந்தது சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிவகையைப் பார்த்துக் கற்ற தொழில். நம் ஊரில் அதே சிவப்பைச் சாயவேரிலிருந்து எடுத்தார்கள். இரண்டு வேரிலும் உள்ள சாயப்பொருள் ஒன்றேதான்.) சாயம் புதிதாக உருவாகும் எலும்பில் மட்டும் ஏறுகிறது என்பது பிறகு தெரிந்தது. எலும்பு செத்த கல் அல்ல, நாளும் புதுப்பிக்கப்படும் உயிருள்ள பொருள் என்பதைக் கண்ணால் காண ஒரு வழி கிடைத்துவிட்டது.

இதைப் படித்த பிரெஞ்சுக்காரர் துஹமெல் து மொன்சோ மரங்களை ஆராய்ந்தவர். விலங்குகளுக்குச் சாயத்தீனியைச் சில வாரம் கொடுத்து, சில வாரம் நிறுத்தி, எலும்பில் சிவப்பும் வெள்ளையுமாக வளையங்கள் விழுவதைப் பார்த்தார். பிறகு எலும்பின் மேலுறைக்கு அடியில் வெள்ளிக் கம்பியைச் செருகிவைத்தார். சில வாரம் கழித்துப் பார்த்தால் கம்பியின் மேல் எலும்பு மூடியிருந்தது. மரத்தில் பட்டைக்கு அடியில் புதுக்கட்டை வளர்வதுபோல, எலும்பை வளர்ப்பது அந்த மேலுறைதான் என்று அவர் முடிவு கட்டினார். நூறாண்டு கழித்து லியோன் நகரத்து ஒல்லியே முயல்களிடம் அந்த உறையைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டு எலும்பு முளைக்கச் செய்து, 1867இல் பெரிய நூலொன்று எழுதினார். மெக்யூவனோ இதை ஒப்பவில்லை. எலும்பை வளர்ப்பது எலும்பின் உயிரணுவே, உறை வெறும் வேலி என்றார். இரண்டு கட்சியும் முப்பது நாற்பது ஆண்டு சண்டை போட்டன. உறையின் உட்புறத்தில் எலும்பை உண்டாக்கும் அணுக்கள் இருக்கின்றன என்பதால் துஹமெலும் ஒல்லியேயும் சரி. எலும்புக்குள்ளும் மஜ்ஜையிலும் அவை இருக்கின்றன என்பதால் மெக்யூவனும் தவறில்லை.

ஆனால் இரு கட்சியுமே கேட்க மறந்த கேள்வி ஒன்று இருந்தது. வைத்த எலும்பு உயிரோடு இருக்கிறதா?

1890களில் ஜெர்மனியின் ஆர்தர் பார்த், ஒட்டிய எலும்புத் துண்டுகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். வைத்த துண்டு செத்துப்போயிருந்தது. ரத்த ஓட்டம் அறுந்த எலும்பு வேறெப்படி இருக்கும்? ஆனால் அதன் ஓரங்களிலிருந்து புது ரத்தக்குழாய்கள் நுழைந்தன. எலும்பைத் தின்னும் அணுக்கள் முன்னால் போய்ச் சுரங்கம் வெட்டின; எலும்பைக் கட்டும் அணுக்கள் பின்னாலேயே வந்து அந்தச் சுரங்கத்தைப் புது எலும்பால் பூசின. அதே நாட்டின் ஆக்ஸ்ஹவுசென் இதை இன்னும் விரிவாக ஆராய்ந்தார். 1914இல் சிகாகோவின் டல்லாஸ் ஃபெமிஸ்டர் இதற்குக் கொடுத்த பெயர் இன்றும் பாடநூலில் நிற்கிறது. தமிழில் ‘ஊரும் மாற்றீடு’ எனலாம். மாதக்கணக்கில், பெரிய துண்டானால் ஆண்டுக்கணக்கில், பழையதைத் தின்று புதியதைக் கட்டிக்கொண்டே உடல் நகர்கிறது. வைத்த எலும்பில் ஒட்டிக்கொண்ட சில அணுக்கள் பிழைக்கலாம். பெரும்பகுதி சாரமாகத்தான் பயன்படுகிறது.

எலும்பு ஒட்டில் அதற்குப் பிறகு வந்த வெற்றி தோல்வி எல்லாவற்றையும் இந்த ஒரு செய்தியை வைத்து அளந்துவிடலாம் என்பது என் கட்சி. மருத்துவர் வைப்பது எலும்பல்ல, எலும்பு கட்டுவதற்கு ஓர் இடம். அதை மறந்தவர்கள் தோற்றார்கள்.

அமெரிக்காவில் எலும்பு ஒட்டை அன்றாடத் தொழிலாக்கிய ஃபிரெட் ஆல்பி, மெயின் மாநிலத்துக் கிராமத்தில் 1876இல் பிறந்தவர். பழத்தோட்டத்தில் மரத்துக்கு ஒட்டுக் கட்டும் வித்தையைத் தாத்தாவிடம் சிறுவயதிலேயே கற்றவர். ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர்களுக்குத் தெரியும்: இரண்டு வெட்டும் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும், பட்டைக்கடியிலுள்ள பசுமை பசுமையைத் தொட வேண்டும், அசையாமல் கட்ட வேண்டும். ஆல்பி நியூயார்க்கில் எலும்பு மருத்துவரானபோது சகாக்கள் உளியும் சுத்தியுமாக எலும்பை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உளி எலும்பில் விரிசல் விடும். துண்டு ஒருபோதும் அளவாக வராது. ஆல்பி மின்மோட்டாரில் ஓடும் வட்ட ரம்பம் ஒன்றைச் செய்துகொண்டார். இரண்டு வட்டத்தகடுகள் பக்கம்பக்கமாக, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும்படி. கீழ்க்காலின் முன்னெலும்பில் அதை ஓட்டினால் இணைகோடுகளாக ஒரு பட்டை வெட்டுப்படும். அதே இடைவெளியில் ஒட்ட வேண்டிய இடத்திலும் காடி வெட்டினால், பட்டை இறுக்கமாக உட்காரும். தச்சர் கதவுச்சட்டத்தில் பொருத்துப் போடுவது அப்படித்தான்.

அவர் இதை முதலில் பரப்பியது முதுகெலும்புக் காசத்துக்காக. காசக்கிருமி முள்ளெலும்புகளை அரித்தால் அவை நொறுங்கி முன்னால் சரியும். கூன் விழும். கூன் முதுகுத்தண்டை அழுத்தினால் கால் இரண்டும் செயலிழக்கும். மருந்தில்லாத காலம். நோயாளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் மாவுக்கட்டில் கிடத்திவைப்பதுதான் வைத்தியம். 1911இல் ஆல்பி, நோயாளியின் கீழ்க்காலிலிருந்து எடுத்த எலும்புப் பட்டையை முதுகின் முட்களைப் பிளந்து நடுவே பதித்து, கெட்ட முள்ளெலும்புகளையும் அவற்றின் மேலும் கீழுமுள்ள நல்லவற்றையும் ஒரே கட்டாக இறுக்கினார். அதே ஆண்டில் அதே நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் இன்னொரு முறையில் முதுகெலும்பைக் கூட்டினார். யார் முந்தி என்பதில் இருவரின் சீடர்களும் சண்டைபோட்டார்கள். அதில் நமக்கு அக்கறையில்லை. 1915இல் ஆல்பியின் பாடநூல் வந்தது. மூன்றாண்டு கழித்து, குண்டு பாய்ந்து எலும்பில் இடைவெளி விழுந்த படைவீரர்கள் நியூ ஜெர்சியின் கொலோனியாவில் இருந்த ராணுவ மருத்துவமனைக்கு வந்து குவிந்தபோது, அந்த ரம்பம் ஓயாமல் ஓடியது.

முதுகெலும்புக் காசத்தின் கதை சென்னையில் வந்து முடிவதால் இங்கேயே அதைச் சொல்லிவிடுகிறேன். 1950களில் மருந்துகள் வந்த பிறகும் அறுவையின் மவுசு குறையவில்லை. ஹாங்காங்கில் ஆர்தர் ஹாட்ஜ்சன் மார்பு வழியாகவோ வயிறு வழியாகவோ முன்புறமிருந்தே முதுகெலும்பை அடைந்து, அரித்துப்போனதையெல்லாம் வழித்தெடுத்து, அந்தப் பள்ளத்தில் விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ முட்டுக்கொடுத்தார். உலகம் அதை ‘ஹாங்காங் அறுவை’ என்று கொண்டாடியது. அத்தனை பேருக்கும் இந்தப் பெரிய அறுவை தேவைதானா என்று சோதிக்க பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பல நாடுகளில் ஒப்பாய்வுகளை நடத்தியது. 1975இல் தொடங்கிய ஆய்வொன்று சென்னை சேத்துப்பட்டில் அன்று இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்துக்கு வந்தது. ஒரு பகுதியினருக்கு அறுவையும் எலும்பு ஒட்டும் மருந்தும். மற்றவர்களுக்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் மாத்திரைகள் மட்டும், ஆறு மாதம் அல்லது ஒன்பது மாதம். படுக்கை ஓய்வு கூட இல்லை, நடமாடிக்கொண்டே. பத்தாண்டு தொடர்ந்து பார்த்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் அறுவைக்குப் படுத்தவர்களுக்கு எந்த விதத்திலும் குறையவில்லை.

எலும்பு ஒட்டுக்கு நேர்ந்த கதியையும் சென்னை மருத்துவர்களே துருவிப் பார்த்தார்கள். எஸ். ராஜசேகரனும் சௌந்தரபாண்டியனும் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்புறமாக வைத்த ஒட்டு இரண்டு வட்டு இடைவெளிக்கு மேல் நீண்டால் பெரும்பாலும் தோற்றது. சறுக்கியது, முறிந்தது, கரைந்தது, பக்கத்து எலும்புக்குள் புதைந்தது. காரணம் ஃபெமிஸ்டர் சொன்னதேதான். மாற்றீடு ஊர்ந்து வந்து சேரும்வரை செத்த எலும்பு உடலின் பாரத்தைத் தாங்கியாக வேண்டும். நீளமான துண்டில் அது வந்து சேர்வதற்குள் துண்டு களைத்துவிடுகிறது. கால் செயலிழந்தவர்களுக்கும் கடுமையாகக் கூன் விழுபவர்களுக்கும், குறிப்பாக வளரும் குழந்தைகளுக்கும், அறுவை இன்றும் வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு மாத்திரை போதும். எலும்பு ஒட்டுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த நோய்க்கே எலும்பு ஒட்டு பெரும்பாலும் தேவையில்லை என்று நிறுவப்பட்ட ஊர் நம் ஊர். இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

நோயாளியிடமிருந்தே எடுப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. எடுத்த இடமும் புண்ணாகும். இடுப்புக்கு மேலே பெல்ட் உட்காரும் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். மருத்துவர்கள் எலும்புக்குக் கைநீட்டும் இடம் அதுதான். விளிம்பின் மேல்மூடியை உளியால் நெம்பித் திறந்தால் உள்ளே ரத்தம் ஊறிய, துளைகள் நிறைந்த மென்னெலும்பு. வளைந்த கரண்டியால் அதைச் சுரண்டிச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் சேர்ப்பார்கள். காய்ந்துவிடாமல் ரத்தத்தில் நனைந்த பஞ்சுத்துணியால் மூடி வைப்பார்கள். ஒட்டு ஆறிப்போய், நோயாளி நடந்து, வேலைக்குப் போய் மாதங்கள் ஆன பிறகும் சிலருக்கு அந்த இடுப்பில் வலி இருந்துகொண்டே இருக்கும். அதோடு, எடுக்க எடுக்க வர அது அட்சயபாத்திரமும் அல்ல.

இதனால்தான் வங்கி என்ற யோசனை பிறந்தது. 1942இல் ஹவானாவைச் சேர்ந்த ஆல்பெர்ட்டோ இங்க்லான், குளிர்பெட்டியில் சேமித்த எலும்பைப் பயன்படுத்திய அனுபவத்தை எழுதினார். 1949இல் பெதஸ்டாவில் அமெரிக்கக் கடற்படை, ஜார்ஜ் ஹயாட்டின் முயற்சியில் திசுவங்கி ஒன்றைத் தொடங்கியது. எலும்பை உறையவைத்து நீரை உறிஞ்சி உலர்த்தி, அலமாரியில் வைக்கும் பொருளாக்கியது. மெக்யூவனின் வாளிக்கு முறையான பெயரும் பதிவேடும் வந்தன. ஆனால் ஆபத்தும் கூடவே வந்தது. எச்.ஐ.வி.க்குச் சோதனை இல்லாத 1984இல் தானமாகப் பெற்ற தொடை எலும்பிலிருந்து ஒரு நோயாளிக்கு அந்தக் கிருமி தொற்றியதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1988இல் அறிவித்தது. அதன்பிறகு கொடுப்பவரைச் சலித்துப் பார்ப்பது கட்டாயமாகியது; எலும்பை அலசிக் காமாக் கதிரில் காட்டுவதும் பரவலாயிற்று. அதே 1988இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் துணையோடு இந்தியாவின் முன்னோடித் திசுவங்கி ஒன்று அமைந்தது. இலங்கையில் 1996இல், கண்தானத்துக்குப் பேர்போன கண்தானச் சங்கத்தின் பின்துணையோடு ஒரு திசுவங்கி வந்தது.

செத்துப்போகாத ஒட்டும் ஒன்று உண்டு. 1975இல் மெல்பர்னின் இயன் டெய்லர், கீழ்க்காலின் மெல்லிய பக்கவாட்டு எலும்பை அதன் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து, புது இடத்துக் குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்த முறையை வெளியிட்டார். ரத்தம் ஓடுவதால் எலும்பு சாவதில்லை. 1989இல் நியூயார்க்கின் ஹிடால்கோ இதே எலும்பை மடித்து வளைத்துத் தாடை செய்தார். புகையிலையால் வாய்ப்புற்று வந்து தாடையைப் பறிகொடுத்த நம் ஊர் நோயாளிகள் பலருக்கு இன்று முகம் திரும்பக் கிடைப்பது இந்த வழியில்தான்.

இனி, எலும்பே அல்லாத எலும்புகள். 1892இல் பான் நகரில் டிரீஸ்மன், காசம் அரித்த எலும்புக் குழிகளில் ஃபீனால் கலந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து நிரப்பினார். நாம் வெளியே மாவுக்கட்டுப் போடும் அதே பொருள். அது வாரக்கணக்கில் கரைந்துபோனது, போன இடத்தில் சிலருக்கு எலும்பு வந்தது. இரண்டாண்டு முந்தி பெர்லினில் குளுக் தந்தத்தில் முழங்கால் மூட்டு செய்து வைத்து, காசச் சீழில் தோற்றிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தந்தம் உறுதியானது, பிளாஸ்டர் அற்பமானது. ஆனால் கரைந்து இடம்விட்டதால் பிளாஸ்டர் பிழைத்தது. இன்றும் எலும்புக் குழியில் அதை ஆன்டிபயாட்டிக் கலந்து வைக்கிறார்கள். 1920இல் ஆல்பி முயல்களிடம் கால்சியம் பாஸ்பேட்டைச் சோதித்தார். அவருக்குப் பிறகு அரை நூற்றாண்டு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1967இல் நியூயார்க் மாநிலத்தில் ராணுவம் நடத்திய பொருளறிவியல் மாநாட்டுக்குப் போகும் பேருந்தில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லாரி ஹென்ச் பயணம் செய்தார். பக்கத்து இருக்கையில் வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த கர்னல் ஒருவர். கதிர்வீச்சைத் தாங்கும் கண்ணாடிகளைப் பற்றி ஹென்ச் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கர்னல், மனித உடலைத் தாங்கும் பொருள் ஒன்று செய்வீர்களா, உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்க மறுப்பதால் எத்தனை கைகால்களை வெட்டி எறிகிறோம் தெரியுமா என்று கேட்டார். ஹென்ச் ஊர் திரும்பி யோசித்தார். எலும்பின் கனிமம் கால்சியமும் பாஸ்பரஸும்தானே, அவை தாமாகவே மேற்பரப்பில் ஊறிவரும் ஒரு கண்ணாடி செய்தால் என்ன? சிலிக்கா 45 விழுக்காடு, சோடியம் ஆக்ஸைடும் கால்சியம் ஆக்ஸைடும் தலா 24.5, பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு 6. 1969இல் சிறு துண்டுகளை எலிகளின் தொடை எலும்பில் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து அறுவை மருத்துவர் கிரீன்லீ பரிசோதித்துவிட்டு, துண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது, எலும்பு உடைந்தாலும் உடையும், இது கழலாது என்றார். உடல்திரவத்தில் கண்ணாடியின் மேல்தோல் கரைந்து, எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட் அங்கே படிந்து, எலும்பு அதைத் தன்னுடையதென்று நம்பிப் பிடித்துக்கொண்டது. ஆனால் கண்ணாடி கண்ணாடிதான், பாரம் தாங்காது. போரில் சிதைந்த காலுக்காகப் பிறந்த பொருள் 1985இல் நடுச்செவியின் குட்டி எலும்புகளுக்குப் பதிலாகச் சந்தைக்கு வந்து, பிறகு பல்லெலும்புக் குழிகளை நிரப்பி, கடைசியில் பல்கூச்சத்துக்கான பற்பசையில் பொடியாகக் கலந்தது.

1974இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெல்லா ராயும் லின்னஹனும் கடற்பவளத்தை எடுத்து, அழுத்தத்திலும் வெப்பத்திலும் அதன் சுண்ணாம்பை ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றினார்கள். பவளத்தின் துளைகள் அப்படியே நின்றன. மென்னெலும்பின் துளைகளுக்கு நெருங்கிய அளவு, ஒன்றோடொன்று இணைந்த வழிகள், ரத்தக்குழாய் நுழைய இடம். பொருள் என்ன என்பதைவிட அதில் எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பதே முக்கியம் என்று அப்போது புரிந்தது. அதன்பின் ஆலைகளில் துளையிட்ட பாஸ்பேட் துண்டுகள் செய்யத் தொடங்கினார்கள். ஹைட்ராக்ஸிஅபடைட் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும்; டிரைகால்சியம் பாஸ்பேட் சீக்கிரம் கரையும்; இரண்டையும் கலந்து வேகத்தைத் திருகிக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் இவ்வகைப் பீங்கான்களையும் பாஸ்பேட் சிமெண்டையும் உள்நாட்டிலேயே உருவாக்கியது.

இவையெல்லாம் இடம் மட்டும் கொடுப்பவை. ஆளை அழைத்துவருவது எது? லாஸ் ஏஞ்சலஸின் மார்ஷல் யூரிஸ்ட், எலும்பை அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தை முழுக்க நீக்கி, ரப்பர்போல மிஞ்சியதை முயலின் தசைக்குள் வைத்தார். எலும்பின் வாடையே இல்லாத தசைக்குள், சில வாரத்தில் புது எலும்பு! 1965இல் இதை அறிவித்தார். 1971இல் அதற்குக் காரணமான புரதத்துக்குப் பெயரிட்டார். அந்தப் புரதங்களின் மரபணுவை ஆய்வாளர் வோஸ்னியின் குழு 1988இல்தான் பிரித்தெடுத்தது. 2002இல் அமெரிக்காவில் அந்தப் புரதத்தை முதுகெலும்பு அறுவையில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. இடுப்பிலிருந்து எலும்பு எடுக்கும் வேலைக்கே இனி முழுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். உடல் தானாகச் சுரக்கும் அளவைவிடப் பன்மடங்கு மருந்தை ஓரிடத்தில் கொட்டினார்கள். கழுத்தில் பயன்படுத்தியபோது வீங்கி மூச்சுத் திணறியவர்கள் உண்டு. 2008இல் அரசு எச்சரித்தது. 2011இல் முதுகெலும்பு மருத்துவ இதழொன்று, தயாரிப்பாளரிடம் பணம் பெற்றவர்கள் எழுதிய ஆய்வுகளில் பாதகங்கள் மறைந்திருந்ததை ஓர் இதழ் முழுக்க விரித்துக் காட்டியது. 2013இல் யேல் பல்கலைக்கழகம் மூலத்தரவை வாங்கி, தனித்தனியே இரண்டு குழுக்களிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னது. நோயாளியின் சொந்த எலும்பைவிடப் பெரிய மேன்மை எதுவும் இல்லை என்றே இரு குழுவும் சொன்னது. யூரிஸ்டின் கண்டுபிடிப்பில் குறையில்லை. அதை விற்றவர்களின் அவசரத்தில்தான் குறை.

ஆக, கிளாஸ்கோவிலிருந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், எலும்பு மருத்துவர் முதலில் கைநீட்டுவது நோயாளியின் இடுப்பு விளிம்புக்குத்தான். அணுவும், புரதமும், சாரமும் மூன்றும் ஒருசேர இருக்கும் பொருள் அது ஒன்றே. அது போதாதபோது வங்கி எலும்பு, அதற்கும் மேல் போதாதபோது பீங்கான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடக்கவிருந்தால் ஒன்று செய்யுங்கள். அந்த அறுவையில் தொடை எலும்பின் பந்துப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். மருத்துவமனையிலோ அருகிலோ எலும்பு வங்கி இருக்கிறதா, அந்தப் பந்தை அதற்குக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ரத்தப் பரிசோதனையும் ஒரு கையெழுத்தும் கேட்பார்கள். கொடுப்பவருக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை.

அடுத்த இதழில்: அந்த இடுப்பு மூட்டையே மாற்றிவைத்த ஜான் சார்ன்லி.

(தொடரும்)